இடப்பக்கக் கதவு

மச்சான்,

உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதும்படி நீ தூரமாய்ப் போனதும் இல்லை. போனால் மெட்ராஸ், சோழவரம் கார் பந்தயம். அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை. சில நாளில் எண்ணெய்ச் சட்டையோடு திரும்பி வந்து, சோறு போடு என்று உட்காருவாய். நாலு பேர் முன்னால் உன்னை நீங்க என்பேன், வீட்டுக்குள் நீ என்பேன். இதை நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தும் நீ என்றே எழுதுகிறேன். கோபமாக இருக்கும்போது நீங்க வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஆமாம், கோபம்தான். வருஷம் திரும்பப் போகிறது, இன்னும் அடங்கவில்லை.

அரசரடியில் உன் பட்டறை நடக்கிறது. உன் தம்பி செல்வம்தான் பார்த்துக்கொள்கிறான். லாரிக்காரர்கள் உன் பெயரைச் சொல்லித்தான் இன்னமும் வருகிறார்கள். நீ பழைய ஃபியட்டை அறுத்து ஒட்டிச் செய்த பந்தயக் கார், பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. உன்னை அடித்துப் போட்ட லாரி அதை உரசக்கூட இல்லை. ஒரு கீறல் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் எல்லோரும் நீ ரேஸில் செத்துப்போனாய் என்றுதான் சொல்கிறார்கள். ரேஸில் இல்லை, மேலூர் தாண்டி ரோட்டோரத்தில் கயிறு கட்டும்போது என்று நான் திருத்தினால் அவர்கள் முகம் சுருங்கிப்போகிறது. பறக்கிற காரில் செத்தால்தான் பெருமையா, மச்சான்? தூறல் விழுந்தது. திறந்த டிரெய்லரில் காரைக் கட்டியிருந்த கயிறு நனைந்து தளர்ந்தது. ஜீப்பை நிறுத்தி நீ இறங்கிப் போனாய். முடிச்சு வலப்பக்கம், ரோட்டைப் பார்த்து இருந்தது. நீ குனிந்து இழுத்துக்கொண்டிருந்தாய். செல்வம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். இதற்கு மேல் அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பொங்கல் கழிந்ததும் அவன் என் முன்னால் வந்து தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "அண்ணன் கட்டுன எஞ்சினு மதினி. ஒரு தடவயாச்சும் ஓட்டிப் பாத்துறேன்" என்றான். அவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள். அவனிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டாள். என்னிடம் வந்து அழுதாள். எனக்கு அவனைத் தடுக்கத் தெரியவில்லை. உங்கள் வீட்டு ஆண்களை யார் தடுத்திருக்கிறார்கள்? ஆனால் ஒன்று சொன்னேன். இன்னொரு முறை அந்தத் திறந்த டிரெய்லர் நம் வாசலை விட்டுக் கிளம்பக் கூடாது. மூடின டிரெய்லர் வேண்டும், அதையும் நான்தான் பார்த்து முடிவு செய்வேன் என்றேன்.

உன்னிடமும் இதை ஒருமுறை சொன்னேன். "சமஞ்ச புள்ளயவா கூட்டிட்டுப் போறோம், மூடிக் கொண்டுபோக?" என்று சிரித்தாய். போகிற வழியில் ஊர் ஊராக ஆட்கள் காரைச் சுற்றி நிற்க வேண்டும் உனக்கு. நின்றார்கள். கடைசி நாளிலும் நின்றார்கள்.

முதலில் டவுனிலேயே ஒரு பட்டறையில் பார்த்தோம். பழைய வேனின் பின்பெட்டியை எடுத்துச் சக்கரம் மாட்டி வைத்திருந்தார்கள். இழுக்க லேசு என்று செல்வத்துக்குப் பிடித்துவிட்டது. கார் உள்ளே போனால் இரண்டு பக்கமும் கை நுழைய இடமிருக்காது. கதவைச் சாத்திக் காட்டினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த வண்டி அப்படியேதான் இருந்தது. எனக்கு வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

பிறகுதான் உசிலம்பட்டிக்குப் போனோம். அங்கே லாரிக்கு மரப் பாடி கட்டுகிற ஒருவர் இருக்கிறார், வேலை உறுதியாக இருக்கும் என்று சொன்னார்கள். நானேதான் பேசினேன். ரேஸ் வண்டி ஏற்றுவதற்கு, மேலே கூண்டு வைத்த டிரெய்லர் வேண்டும் என்றேன். நீள அகலத்தைச் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டார், வேறெதுவும் கேட்கவில்லை.

போன வாரம் எடுக்கப் போனோம். கதவைத் திறந்ததும் செல்வம் வாயைப் பிளந்தான். நான் சொன்ன நீளத்துக்கு மேல் முன்பக்கம் ஒரு கட்டு, சின்ன அறை மாதிரி, கூடுதலாக இருந்தது. அங்கே சுவரில் இரும்பு வளையங்கள், கீழே தீவனம் போட ஒரு தொட்டி, சறுக்காமல் இருக்கத் தரையில் குறுக்குச் சட்டங்கள், மேலே காற்றுக்கு இடைவெளி. அந்தக் கட்டுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கதவு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. உசிலம்பட்டியில் போய் ரேஸ் வண்டி என்றால் அவர் எதை நினைப்பார்? மாட்டு வண்டிப் பந்தயத்தைத்தான். நான் பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம், எனக்கே உறைக்காமல் போயிற்று.

செல்வம் சத்தம் போட்டான். அந்த மனிதர் அசரவில்லை. "ரேஸ் வண்டின்னா வண்டி மட்டுமாப்பா போகும்? மாடும்ல போகும்" என்றார். வளையத்தை அறுத்துவிட்டு, கதவையும் அடைத்துத் தருகிறேன் என்றார்.

நான் அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது எதுக்குண்ணே என்று கேட்டேன்.

"மாடு தனியாப் போகாதுல்ல, கூட ஆளு இருக்கணும். வழியில நிப்பாட்டிக் கயித்த அவுத்துக் கட்டுவான். அவன் ரோட்டுப் பக்கமா ஏறி எறங்குனா வாரவன் அடிச்சுப் போட்டுருவான்ல, தாயி. அதான் எடப்பக்கம் வச்சேன்."

என் புருஷன் எப்படிச் செத்தான் என்று அவருக்குத் தெரியாது, மச்சான். ஒரு மாட்டுக்காரனுக்காக யோசித்திருக்கிறார். உனக்காக யாரும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. அங்கே கிடந்த பலகை மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் பயந்துபோய், தப்பாகக் கட்டியதற்காக அழுகிறேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகக் கும்பிட்டார். ஒன்றையும் தொடாதீர்கள், அப்படியே வேண்டும் என்றேன்.

பட்டறைக்குக் கொண்டுவந்து காரை ஏற்றிப் பார்த்தோம். கயிறுகளின் முனையெல்லாம் முன்கட்டுக்கே வந்துவிடுகிறது. மாட்டு வளையத்தில்தான் கட்டியிருக்கிறோம். மழையோ தூறலோ, ஜீப்பில் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் மண்ணில் இறங்கி, அந்தக் கதவு வழியாக ஏறி இறுக்கிவிடலாம். ரோட்டில் கால் வைக்கவே வேண்டாம். இவ்வளவு சுலபமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

நாளைக் காலையில் கிளம்புகிறது. உன் அம்மா இன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டி கெளம்பறப்ப எதுக்க வந்துறாத, தாயி. உள்ளயே இரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. ஒரு மகனைப் பறிகொடுத்தவர், இருக்கிற ஒருவனுக்காகப் பயப்படுகிறார். சரி அத்தை, எதிரே வரமாட்டேன், உள்ளேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இருப்பேன், மச்சான். ஜீப்புக்கு உள்ளே, இடப்பக்க சீட்டில், சோழவரம் வரைக்கும், திரும்பி வீடு வந்து சேரும் வரைக்கும். கயிறு தளர்ந்தால் நான்தான் இறங்குவேன். உன் தம்பியை இறங்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் மாமன் மகள்,
பேச்சி