சட்டைப்பையில் சணப்பை விதை

வாஷிங் மெஷின் சுற்றி நிற்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். யாருக்காவது கொடுத்துவிடலாமென்று உங்கள் பழைய ஃபேக்டரிச் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தேன். பையிலிருந்து உதிர்ந்திருந்தது சணப்பை விதை, நனைந்து பருத்து. ஞாயிறுதோறும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலிருந்து பையை நிரப்பிக்கொண்டு கிளம்பிய மனுஷர் அல்லவா! சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இப்ராகிம்பட்டணம் பக்கம் யாதம்மாவின் வயலை நீங்கள் குத்தகைக்கு எடுத்தபோது, என் மாதாப்பூர் ஆபீஸில் எல்லோரும் வீட்டுமனையாக பிளாட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நெல் நடப் போனீர்கள். அதுகூடப் பரவாயில்லை. அறுப்பு முடிந்து ஊரே வயலைச் சும்மா போட்டபோது, அறுத்த தாள்களுக்கு நடுவே பசுந்தாள் உரத்துக்கென்று சணப்பையை இறைத்தீர்கள்.

"பனிக்காலத்துல நெலத்த வெறுமனே விடக்கூடாதுடி. புழுவத் தின்ற சிலந்திக்கெல்லாம் தங்க எடம் வேணும்ல?"

"நமக்கே ரெண்டு ரூம்தான்" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

தையில் வயல் மஞ்சளாகப் பூத்தது. மனசே இல்லாமல் பூத்த செடியை மண்ணோடு மடக்கி உழுதீர்கள். தாளில் ஒளிந்திருந்த தண்டுத்துளைப்பான் புழுவும் அதோடு மண்ணுக்குள் போனது.

மழைக்கு நட்ட நெல் நன்றாகத்தான் வந்தது. உங்கள் கைதான் நிற்கவில்லை. சணப்பை கொடுத்த தழைச்சத்து இருக்க, வழக்கமான யூரியாவையும் குறையாமல் போட்டீர்கள். விருந்தாளி இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் சாம்பார் ஊற்றுகிற கை அது. பயிர் கரும்பச்சையாய்க் கொழுத்தது. இலைச்சுருட்டுப் புழு திரண்டு வந்தது. தப்பித்த பயிர் காற்றில் சாய்ந்தது.

குத்தகையாக வரும் பங்கு நெல்தான் யாதம்மா வீட்டுக்கு வருஷச் சோறு. "கிட்லயிதே பிளாட்லகு இச்சேஸ்த சாரூ" என்றார் தெலுங்கில். இப்படியே போனால் பிளாட்காரர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். சொன்னதைச் செய்கிறவர்.

வீடு திரும்ப பஸ் ஏறினோம். எல்.பி. நகர் வந்தபிறகு, "ஏற்கெனவே சாப்ட்ட புள்ளைக்குத் திரும்ப ஊட்டியிருக்கேன்" என்றீர்கள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நம் பங்கு நெல்லையும் யாதம்மாவுக்கே விட்டுக்கொடுத்து, இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கினீர்கள். மறுபடி சணப்பை. இந்த முறை யூரியா மூட்டையைப் பாதியிலேயே கட்டிவைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்தீர்கள். பயிர் வெளிர்பச்சையாகவே நின்றது. "பேசாம இரு" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டீர்கள்.

கதிர் முற்றும் சமயம், பனி விழுந்த காலையில் பார்த்தால் பயிரெங்கும் சிலந்தி வலை. புழு வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது, தின்ன ஆளிருந்தது. விளைச்சலும் அமோகம் ஒன்றுமில்லை, பக்கத்து வயல் அளவுக்குத்தான். ஆனால் மருந்தே அடிக்காமல், பாதி யூரியாவில். யாதம்மா அதன்பிறகு பிளாட் பேச்சை எடுக்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. குத்தகை இப்போது என் பெயரில். சுற்றிலும் பிளாட் கல் நட்டாயிற்று. தை வந்தால் நடுவில் நம் மஞ்சள் பூ மட்டும். மெஷினில் கிடைத்த விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோக.

யூரியா போடும்போது உங்களைப்போலவே நானும் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் வயலுக்குப் போதுமென்று நிறுத்தக் கற்றுக்கொண்ட அந்தக் கை, எனக்கு மட்டும் கடைசிவரை நிறுத்தவேயில்லை. நான் இலையை மறைக்க மறைக்க ஊற்றினீர்கள். அதில்தான் என் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.