தூரத்தை வேகத்தால் வகுத்தால்

மார்ச் 3

அன்பும் கோபமும் சரிபாதியாக, என் வானத்துக்காரிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் மின்விசிறியும்தான்.

உன் கடிதத்தைப் பஸ் நிலையத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு விலகிப் போகின்றன, இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது, தூரத்தை வேகத்தால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை, அதுதான் பிரபஞ்சத்தின் வயது என்று எழுதியிருந்தாயே. மூன்றாம் நம்பர் டிரைவர், "அட, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற பஸ்சு அறுபதுல போனா, கிளம்பி ஒரு மணி நேரமாச்சு. நம்ம டைம்கீப்பர் தினமும் போடற கணக்குதானே! இதுக்கா சம்பளம் தராங்க?" என்றான்.

வீட்டுக்கு வந்து அதே கணக்கை நமக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் தொலைநோக்கி இருக்கும் அந்த மலைக்கு நீ வேலைக்குப் போன புதிதில் கடிதம் நூறு வரி வரும். இப்போது பதினாறு. மேசையில் இருக்கும் நான்கு கடிதங்களில் மாதம் ஒரு வரி குறைந்திருக்கிறது. அப்படியானால் எண்பத்து நான்கு வரி குறைய எண்பத்து நான்கு மாதம், அதாவது ஏழு வருடம். மலைக்குப் போனது இரண்டு வருடத்துக்கு முன்புதான், ஆனால் கல்யாணமான மறுவருடமே நீ மனசால் என்னைவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

எனக்கு வயிறெரிகிறது, மறைக்கவில்லை. ஆனால் உன் காலைக் கட்டிப்போட எனக்கு இஷ்டமில்லை. தனித்தனியாகவே இருந்துவிடலாம் என்றால் ஒரு வரி எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நன்மையையே நினைக்கும்,
டைம்கீப்பர்


மார்ச் 13

கணக்கில் தன்னைப் புலி என்று நினைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு தொலைநோக்கி அறையில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

பாதி பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது என் தப்பு. அந்த வகுத்தல் கணக்கு, வேகம் எப்போதும் ஒன்றாகவே இருந்திருந்தால்தான் சரி. அது அப்படி இருக்கவில்லை. உள்ளே இருக்கும் பொருளெல்லாம் ஒன்றையொன்று இழுத்ததால் விரிவு முதலில் தளர்ந்துகொண்டே வந்தது, பின்னால் மறுபடி முடுக்கம் எடுத்தது. இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொண்டன. சும்மா வகுத்தால் ஆயிரத்து நானூறு கோடி வருடம், ஒழுங்காகப் போட்டால் ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி. பிரபஞ்சத்துக்கு அதிர்ஷ்டம். உங்களுக்கு அது இல்லை, சாமி!

பெட்டியைத் திறந்து அக்டோபர் கடிதத்தை எடுங்கள். நான்கு பக்கம், நூறு வரி. நவம்பரில் பத்தொன்பது. ஒரே மாதத்தில் எண்பத்தொரு வரி போயிற்று, அதன்பிறகுதான் மாதம் ஒன்றாகக் குறைந்தது. நவம்பரில் இந்த வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார்கள். மார்ச் முடிவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்லப் பயந்தேன். சொன்னால் "அங்கேயே இரு" என்பீர்கள். "நீங்களும் வாங்க" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பஸ் நிலையம் உங்களுக்கு உயிர் என்று தெரியும். அதை மறைத்துக்கொண்டு வேறு எதையும் எழுத வரவில்லை, விண்மீன்களைத் தவிர.

ஏழு வருடத்துக்கு முன்னாலாம்! அந்த வருடம் உங்களுக்கு மஞ்சள் காமாலை. தினமும் மத்தியானம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்து, நீங்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுவேன். அப்போதா உங்களை விட்டுக் கிளம்பினேன்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வாங்க. கேட்டுவிட்டேன். வர முடியாது என்றால் வேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு நான் வருகிறேன்.

உங்கள்,
வானத்துக்காரி


மார்ச் 22

என் கண்ணே,

அக்டோபர் கடிதம் பெட்டியின் அடியில் இருந்தது. வரிகளை எண்ணிப் பார்த்தேன், நீ சொன்னது சரி.

மூன்றாம் நம்பரிடம் என் கணக்கைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டான். "ஸ்டாண்டுக்கு வரப்போ எல்லா வண்டியும் ஊர்ந்துதான் வரும். அந்த வேகத்த வெச்சா கிளம்புன நேரம் போடறது? இருபது வருஷ சர்வீசு வேற!" என்றான். நிலையமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உன்னை அப்படிச் சந்தேகப்பட்டேனே, அதற்கு எந்த மூஞ்சியோடு உன் முன்னால் நிற்பேன் என்று தெரியவில்லை.

அந்த டைம்கீப்பர் நாற்காலி எனக்கு உயிர்தான். அதில் உட்கார நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்புக் கேட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். "வீட்டுக்குப் போகணும் சார்" என்றேன். "உங்க வீடு அடுத்த தெருவுலதானே இருக்கு?" என்றார். விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வேலைக்குச் சரி என்று சொல்லிவிடு.

இதற்குப் பதில் எழுதாதே. தபாலில் போட்டால் இது வந்துசேர ஒன்பது நாள் ஆகும், அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். இரண்டு ரயில், மூன்று பஸ், மலைக்கு ஒரு ஜீப் என்று நான் நாலே நாளில் அங்கே இருப்பேன்.

உன்,
நான்