முகத்தை மறைத்தேன், சுவரை விட்டுவிட்டேன்

நேற்றுக் காலை போனைத் திறந்ததும், 'இரண்டு வருடத்துக்கு முன் இதே நாள்' என்று ஒரு படம் தானாக வந்து நின்றது. திரையில் நாம் கொண்டாடிய நம் தலைவரின் பிறந்தநாள். நீ கேக் வெட்டுகிறாய், மூக்கில் க்ரீம். நான் வாயைப் பிளந்து கத்துகிறேன். நமக்குப் பின்னால், நாம் இரண்டு பேரும் வரைந்த தலைவர் முகத்தோடு எதிர்வீட்டு நீலச் சுவர். ஓரத்தில் பவி. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள்.

இப்படி ஒரு படம் வந்தால் முதலில் உனக்குத்தான் காட்டுவேன். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. போன ஐப்பசியில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காட்ட ஆள் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவி அப்போது இரண்டாம் வகுப்பு. அம்மா பெங்களூரில் வேலைக்குப் போக, அந்த நீலச் சுவர் வீட்டில் மாமாவோடு இருந்தாள். கொடுத்த கேக்கைத் தின்னாமல் ஸ்வெட்டர் பைக்குள் திணித்ததைப் பார்த்து நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பக்கத்தில் போய்க் குந்தினாய்.

"இன்னா பவி, வேர்க்கலியா?"

"எண்ணெ தெறிச்சிடுச்சிக்கா."

கையில் என்ன என்று நீ கேட்கவே இல்லை. மெதுவாக ஸ்வெட்டர் கையை ஏற்றினாய். வட்ட வட்டமாக, வரிசையாக, ஆறிய புண்ணும் ஆறாத புண்ணும்.

"கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுது பாருடி," என்றாய் என்னிடம் தனியாக. "எண்ணெ இப்டி வரிசையாவா தெறிக்கும்? பசி வேற. இப்பவே போன் போடு."

உனக்கென்று போன் கிடையாது. மகளுக்குப் போன் எதற்கென்று உன் அத்தா வாங்கித் தரவில்லை. நம் ரசிகர் பக்கமே என் போனில்தான் ஓடியது.

"ப்ரூப் இல்லாம எப்டிடி?"

"சந்தேகம் இருக்குது, சொல்றோம். விசாரிக்கறது அவங்க வேல. பள்ளிக்கூடச் சுவத்துல எழுதியிருக்குதே, கொழந்தைங்க உதவி நம்பரு, அதுக்குப் போடு."

"நான் பாத்துக்கறேன், நீ டென்ஷன் ஆவாத," என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். கேக் வெட்டும்போது எடுத்த படங்களில் பவி தெளிவாக இருந்த ஒன்றை எடுத்து, அவள் முகத்தின் மேல் தலைவர் ஸ்டிக்கரை ஒட்டினேன். 'நம் ஊரில் ஒரு குழந்தை படும் பாடு' என்று உருக்கமாக எழுதி நம் பக்கத்தில் போட்டேன். முகத்தை மறைத்துவிட்டோம் என்று நிம்மதி வேறு. பின்னால் நின்ற நீலச் சுவரை நான் யோசிக்கவே இல்லை. செஞ்சியில் அந்தச் சுவரைத் தெரியாதவர் யார்? லைக் ஏற ஏற, ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட மாதிரி குதித்தேன். அந்த நம்பருக்கு மட்டும் அழைக்கவில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டில் பூட்டு. மாமா பவியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ ஓடிவந்து கேட்டாய். "நீ போன் போட்டியா, இல்லியா?"

பதிவை அப்போதுதான் அழித்திருந்தேன். நீ அதைப் பார்த்திருக்கவில்லை. "போட்டேன்டி. அவங்கதான் வர்ல."

நீ அந்தப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாய். "அப்ப அந்த நம்பர சும்மாதான் எழுதி வெச்சிருக்கறாங்க," என்றாய். அதற்குப் பிறகு பவியைப் பற்றி நீ பேசவே இல்லை. அந்தப் பொய்யை நம்பிக்கொண்டேதான் போனாய்.

நேற்று அந்தப் படத்தை மூடிவிட்டு அந்த உதவி நம்பருக்கு அழைத்தேன். ஒரு அம்மா எடுத்தார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றேன். திட்டவில்லை. பவி படித்த பள்ளி, அவள் அம்மா பெயர், மாமாவின் சொந்த ஊர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பதிவு போட்டதையும் சொன்னேன். "இனிமே படம் போடாதீங்கம்மா, எங்களைக் கூப்பிடுங்க," என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு நம் தெருவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். எதிர்வீட்டின் சொந்தக்காரரிடம் விசாரித்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் போனார்கள். பவி கிடைப்பாளா என்று கேட்டேன். தேடுகிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு நீலச் சுவர் முன்னால் நின்றேன். தலைவர் முகம் பாதி உரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

கூப்பிட்டா வராங்கடி. ஒரே நாள்ல வராங்க. நான்தான் கூப்பிடல.