பயமில்லாமல் போனீர்களா?

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத என் அன்பானவருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமாகி, உங்கள் ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கிளென் ஈடன் மண்டபத்தில் அம்மனுக்குப் பால்செம்பு எடுக்கிறார்கள். என் நேர்த்தியைத் தீர்க்க நானும் எடுக்கப்போகிறேன் என்றேன். வீட்டில் சண்டை.

"சுகமாக்கச் சொல்லித்தானே நேர்ந்தாய்? ஆளே போன பிறகு என்ன பால்செம்பு? சனம் சிரிக்கும்" என்கிறார் உங்களைப் பெற்ற மாமி. "அம்மன் தன் பக்கத்தைச் செய்யவில்லை, நீங்கள் ஏன் செய்ய வேண்டும், அம்மா?" என்று மகன் இங்கிலிஷில் கேட்கிறான்.

நான் கடைசியில் என்ன நேர்ந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் லைப்ரரிப் புத்தகத்தை அகராதியோடு தடவித் தடவி வாசித்துக் காட்டினேனே, கிரேக்கத்து ஞானிகளைப் பற்றி. அநியாயம் செய்வதைவிட அதைத் தாங்குவது மேல் என்று சோக்கிரட்டீஸ் சொன்ன இடத்தில், "என்ர வேர்ஹவுஸ் சூப்பவைசருக்கும் இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டும்" என்றீர்கள். நேர்ஸ் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம்.

நஞ்சைப் பயமில்லாமல் வாங்கிக் குடித்த அந்த ஞானி, சுகம் தரும் சாமிக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறந்துவிடாதே என்று நண்பனிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். "சாகிற மனுசன் ஏனப்பா சுகம் தாற சாமிக்குக் குடுக்கிறார்?" என்று கேட்டேன். நீங்கள் என் கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"எனக்குச் சுகம் கேளாதையும். பயமில்லாமல் போகவேணும் எண்டு கேளும்."

அன்றைக்கே நேர்த்தியை மாற்றினேன். எந்தப் பெண்சாதி தன் புருஷனுக்கு இப்படிக் கேட்பாள்? கேட்ட வாய் இன்னும் கசக்கிறது. மாமியிடம் சொன்னால், என் பிள்ளையைப் போகவிட்டவள் நீதான் என்பார். சொல்லவில்லை.

கடைசியாக என் கையைப் பிடித்தீர்கள். காப்பு நெளிந்துபோகிற அளவுக்கு ஒரு பிடி. அது பயமா? நோவா? என்மேல் பிரியமா? அரிசிக்கும் கரண்டுக்கும் சதம் பிசகாமல் கணக்கு எழுதுகிறவள், இந்தப் பிடியை எதில் சேர்ப்பேன்?

கேட்டது கிடைத்ததா என்று அம்மனிடம் விசாரிக்க மாட்டேன். மாமி வந்தாலும் வராவிட்டாலும், வெள்ளிக்கிழமை இந்தக் குளிரில் வெறுங்காலோடு பால்செம்பைத் தலையில் வைத்து எல்லோருக்கும் முன்னால் நடப்பேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். நடப்பேன்.

இன்னமும் உங்கள் பெண்சாதி,
சரஸ்வதி