ஒன்பது பிளக்-இன்னும் பதினோரு மணி நேரலையும்

என்னங்க,

நம்ம மகளோட பட்டமளிப்பு விழா பதினோரு மணிக்கு நேரலையில் வருது. நான் டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். வீடியோ ஓடலைன்னு நேத்து நீங்க பிரவுசரில் வரிசையா ஏத்தின ஒன்பது பிளக்-இன்னையும் தூக்கிட்டேன். இனி எது வந்து "என்னைப் போடு"ன்னு கேட்டாலும் 'வேண்டாம்'னு அழுத்துங்க. நான் கடைக்குக் கூப்பிட்டா சொல்வீங்களே, அதே வேகத்தில். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

பி.கு: நேத்து உங்க மேல கத்தினது தப்புதான். வீடியோவைத் தடுத்தது உங்க ஒன்பதும் இல்லை. விளம்பரம் வராம இருக்க, போன மாசம் நான் போட்ட பிளக்-இன்தான். அதையும் எடுத்துட்டேன். மகள்கிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க.

இன்னொண்ணு: அவ மேடை ஏறும்போது எனக்கு போன் பண்ணி, கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைங்க. நீங்க அழுறது கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துக்கறேன்.