குட்டி சொன்ன முகவரி

ஏங்க,

குட்டியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு. பயப்படாதீங்க, மூச்சு இப்ப சீரா இருக்கு. மாத்துத் துணி எடுக்க வந்தேன், திரும்ப ஓடறேன். உங்க ஃபோன் பட்டறை லாக்கர்ல கிடக்கும்னுதான் இதை எழுதி வெக்கறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததுமே இளைப்பு. ஆம்புலன்ஸுக்கு நான்தான் கூப்பிட்டேன். நம்ம தெருப் பேரை மூணு தடவை சொன்னேன். ஃபோன்ல இருந்த பொண்ணு மூணு தடவையும் "எந்தத் தெரு?"ன்னே கேட்டா. பதட்டத்துல என் நாக்கு இன்னும் குழறிடுச்சு. கடைசியில குட்டி ஃபோனைப் பிடுங்கி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே முகவரி சொன்னா. ஒரே தடவைதான். வண்டி வந்துடுச்சு.

"நீ அவகிட்ட இந்த ஊர் பாஷை பேசாதே, உன் உச்சரிப்பு அவளுக்கும் ஒட்டிக்கும்"னு ஞாயித்துக்கிழமை சொன்னீங்களே, அதுக்குத்தான் உங்களோட பேசாம இருந்தேன். ஒண்ணும் ஒட்டிக்கலைங்க. நிம்மதியா இருங்க.

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்குங்க. அவளோட பச்சைப் போர்வை கொடியில காயுது, வரும்போது எடுத்துட்டு வாங்க.

இன்னொண்ணு. நர்ஸ் என்கிட்ட ஏதோ கேக்க வந்தாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள குட்டி மாஸ்க்கை விலக்கிட்டு, "அம்மாவைக் கேக்காதீங்க, பாவம். என்னைக் கேளுங்க"ன்னா. பரிவாத்தான் சொன்னா. அதுக்கப்புறம் அங்கே நான் வாயே திறக்கலை. டாக்டர்கிட்ட நீங்களே வந்து பேசுங்க.