சங்கு ஊதாத வரை பயமில்லை

அலைமானி நிலையம், முத்துக்குடா
பதிவு: சண்முகவடிவு, கடலியல் ஆய்வாளர்

2061 நவம்பர் 9, காலை 6:00
கடல் மட்டம் இயல்பு. காற்று வடகிழக்கு. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் இந்த நிலையத்தில் நான் ஒருத்திதான். கரைக்குப் போக ஒரு நீளப் பாலம். கரையோர மீனவக் குப்பத்திலிருந்து ரெஜினா வாக்கிடாக்கியில் வழக்கம்போலக் கேட்டாள்: "வடிவக்கா, கடல் எப்பிடிக்கா இருக்கு?" சாதுவாக இருக்கிறது என்றேன். அந்த ஜனங்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான். நிலையத்து அபாயச் சங்கு ஊதினால் மேட்டில் இருக்கும் மாதா கோயிலுக்கு ஓட வேண்டும். ஊதாவிட்டால் வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்.

நவம்பர் 10, மதியம் 12:00
புது உத்தரவு. பருவநிலை மாற்றம் இன்றுமுதல் தேசப் பாதுகாப்பு விவகாரம். கடல் மட்டம் ராணுவ ரகசியம். பாலத்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். தலைமையகம் அனுமதித்தால்தான் சங்கு ஒலிக்கும். வாக்கிடாக்கியில் பேசும் வசதியையும் துண்டித்துவிட்டார்கள்; எனக்குக் கேட்கும், பேச முடியாது. நம் பலவீனம் எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். எந்த எதிரிக்கு? அட கூறுகெட்டவர்களே, கடலுக்குத் தன் உயரம் தெரியாதா?

ரெஜினா: "ஏன்க்கா பேச மாட்டேங்கிய? எம்மேல கோவமா?"

நவம்பர் 12, காலை 7:10
கடலில் இருந்த புயல் திசை மாறி எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. மாலைக்குள் கடல் குப்பத்துக்குள் ஏறும். சங்குக்கு அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

தலைமையகம்: "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. மக்கள் கூட்டமாக உள்பகுதிக்கு நகர்வது பாதுகாப்புப் பிரச்சினை."

சாவது பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

10:40
தீயணைப்பு சிலிண்டரால் சங்குப் பெட்டியின் பூட்டை அடித்து உடைத்தேன். உள்ளே கையால் சங்கை ஊதவைக்கும் பழைய சுவிட்ச் இல்லை. பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கையில் ரத்தம். மறுபடி அனுமதி கேட்டேன். அதே பதில்.

13:15
என் சிவப்புப் போர்வையை மாடிக் கம்பியில் கட்டி, பக்கத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

ரெஜினா சிரிக்கிறாள்: "எக்கா, போர்வை காயப் போட்டிருக்கியளா? காத்து பலமா அடிக்கு, கிளிப்பு மாட்டுங்க. கோவம் தீந்துட்டுல்லா? நானும் கை ஆட்டுதேன், பாருங்க!"

அடி பாவி மகளே, ஓடுடி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவளுக்கு எப்படிக் கேட்கும்?

15:30
தூண்களில் பாதி உயரம் தண்ணீர்.

ரெஜினா: "காத்து சரியில்லன்னு கொஞ்சப் பேரு புள்ளைகளத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாவக்கா. நாந்தான் போயி திரும்பக் கூட்டியாந்தேன். வடிவக்கா சங்கு ஊதல, அப்பறம் என்ன பயம்னு கேட்டேன். சரிதானக்கா?"

இல்லை. இல்லை ரெஜினா. இல்லை.

அனுமதி கேட்டேன். கெஞ்சினேன். என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஜெயிலில் போடுங்கள், ஒரே ஒரு தடவை ஊதுங்கள் என்று எழுதினேன். பரிசீலனை.

16:20
"அக்கா, வாசல்ல தண்ணி"

அப்புறம் இரைச்சல்.

17:50
தலைமையகம்: "கோரிக்கை ஏற்கப்பட்டது."

சங்கு தானாக ஊத ஆரம்பித்துவிட்டது. குப்பம் இருந்த இடத்தில் தண்ணீர். கோயில் மேடு மட்டும் வெளியே தெரிகிறது. அதன்மேல் ஒருவரும் இல்லை.

காதைப் பொத்தினாலும் கேட்கிறது. நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

தலைமையகம்: "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."